அடைகிடக்கும் தீவில் சத்தம் போட்டவன்

அன்புள்ள மகள்,

வள்ளத்தைத் தூக்கில் போட்ட கதையை முதலில் நானே எழுதிவிடுகிறேன். நீ சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவாய். உன் அம்மாவின் வாய்க்கு ஏற்கெனவே போய்விட்டது, இனிக் கப்பல்துறைச் சந்தி வரைக்கும் போகும். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஆள் ஏற்றி இறக்கி மோட்டர் போட் ஓட்டியே தலை நரைத்த மனுசன் நான். எனக்குக் கயிறு கட்டத் தெரியாது என்று இதுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை. நோர்வேயின் வடக்குக் கரையில் இருக்கிற உன்னுடைய அந்தத் தீவுக்கு வந்த முதல் கிழமை, நீ என்னை நம்பி ஒரு வேலை தந்தாய். கரையில் ஒதுங்கிக் காய்ந்த கடற்பாசியை, அதுதான் சாதாழையை, மூட்டை மூட்டையாக வள்ளத்தில் ஏற்றி இறங்குதுறையில் கட்டி வைக்கவேண்டும்; பின்னேரம் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோய் வாத்துகளுக்குக் கூடு போடவேண்டும். நான் கட்டினேன். எங்கட துறைமுகத்தில் எப்படிக் கட்டுவேனோ அப்படி, முன்னுக்கும் பின்னுக்கும் கயிற்றைக் குறுக்கி, ஒரு விரல்கூட அசையாமல் கட்டினேன். எங்கட கடல் பெருகினாலும் வற்றினாலும் முழங்காலுக்கு மேலே கதையில்லையே. குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்து, இரண்டு துண்டு பாணும் சாப்பிட்டு, ஒரு கண் தூங்கி எழும்பி வந்து பார்த்தால், கடல் ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாக வற்றிப் போய்விட்டது. வள்ளம் மட்டும் போகவில்லை. அது ஏணை மாதிரி இரண்டு கயிற்றில் ஒரு பக்கம் சரிந்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. மூட்டைகள் சேற்றுக்குள். உன்னுடைய தேத்தண்ணிப் போத்தல் ஒரு நண்டுக்குப் பக்கத்தில்.

அந்த நேரம் பார்த்துத்தான் இங்கர் வந்தாள். அந்தத் தீவுக்கூட்டத்தின் பறவைக் காவலுக்கெல்லாம் பொறுப்பானவள்; உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள்; சிரிப்பைச் செலவழிக்க விருப்பமில்லாத முகம். வள்ளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முடிச்சைப் போய்க் கிட்ட நின்று பார்த்தாள். பிறகு உன்னிடம் ஏதோ சொன்னாள். "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாய்: "நல்ல முடிச்சாம் அப்பா. அவிழவே இல்லையாம்."

அன்றைக்கு இராச்சாப்பாட்டுக்குப் பிறகுதான் நீ கதையை எடுத்தாய். இரவு என்று பேர்தான், வெளியில் பின்னேரம் போல வெளிச்சம். இந்தப் பருவம் முடிய உன்னை அங்கே நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள், கோடையில் மட்டுமில்லை, அந்த நெடிய இருட்டு மாதங்களிலும் தீவிலேயே இருந்து பறவைகளைப் பார்க்கிற வேலை என்று சொன்னாய். "இதுக்கு ஓம் எண்டு சொன்னா அங்கால திரும்பி வாறது எண்டது லேசில நடக்காது அப்பா. நீங்கள் ஒரு பருவம் இஞ்ச இருந்து வடிவாப் பாருங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ. வா எண்டா வாறன்." அப்படிச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாய். கதிரையில் இருந்த எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் நான் சும்மா வாத்துப் பார்க்க வந்தவன் இல்லை. அம்மா என்னை அனுப்பியதே ஒரு அலுவலுக்குத்தான். உன்னுடைய சின்ன மாமா திருகோணமலையில் ஒரு கந்தோரில் உனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். "அவளிட்டப் போய்ச் சுத்தி வளைச்சுக் கதையாதேங்கோ. வா எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா வருவாள்" என்பதுதான் விமான நிலையத்தில் அம்மா கடைசியாகச் சொன்ன வசனம். இரண்டு பெண்களும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே சாவியை என் சேட்டுப் பைக்குள் போட்டுவிட்டீர்கள். பருவம் முடிய மறுமொழி சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன். பருவமும் முடிந்தது, நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன், மறுமொழி மட்டும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அம்மாவைக் குறை நினைக்காதே. சண்டைக்குப் பயந்து சம்பூரை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு நீ பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஒரு உழவு இயந்திரப் பெட்டிக்குள் எத்தனையோ குடும்பம். அன்றைக்கு அம்மா செய்தது ஒரே ஒரு வேலை. வழி முழுக்க உன் சட்டையின் பின்பக்கத்தைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தா. அந்தப் பிடியை அவ இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். பிறகு கப்பல்துறையில் வாடகைக்கு இருந்த காலத்தில், பள்ளிக்கூட விடுமுறை வந்தால் நீ என்னோடு போட்டில் வருவாய். துறைமுகத்தின் நடுவில், தண்ணீருக்குள் கண்ணாடிக் குடை மாதிரி சொறிமுட்டைகள் கூட்டமாக மிதக்கிற நாட்களில், நீ விளிம்பில் குப்புறப் படுத்துவிடுவாய். மூதூருக்குப் போகிற சனம் பின்னால் இருந்து கத்தும்: "என்ன ஓட்டி, எஞ்சின் படுத்திட்டுதோ?" நான் எஞ்சினைத் திறந்து ஒரு துணியால் எதையோ துடைத்துக்கொண்டு, "ஏதோ சத்தம் கேக்குது, பொறுங்கோ" என்று சொல்லுவேன். இப்போது சொல்கிறேன், அந்த எஞ்சினில் ஒரு நாளும் ஒரு சத்தமும் இருந்ததில்லை. நீ பார்த்து முடியட்டும் என்று நின்றதுதான். அந்தச் சனம் என்னை எவ்வளவு திட்டியிருக்கும்! ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் பிந்துகிறது என்று சொன்னபோது மட்டும் எஞ்சின் உடனே சுகமாகிவிட்டது.

ஆனபடியால் உனக்கு இந்த வேலையில் எவ்வளவு பைத்தியம் என்பது எனக்குப் புதினமில்லை. எனக்கும் அது தொற்றும் என்பதுதான் புதினம். ஓஎல் சோதினையில் விஞ்ஞானத்துக்கு நான் எடுத்த பெறுபேற்றைப் பார்த்து என் வாத்தியார் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தவர், அங்கே ஏதாவது எழுதியிருக்கிறேனோ என்று. அப்படிப்பட்டவனுக்கு நீ ஒரு படப் புத்தகத்தையும் தூரப் பார்க்கிற கண்ணாடியையும் தந்து, "ஒரு நாளைக்கு ஒண்டு படிச்சாக் காணும்" என்று சொன்னாய். நான் என் முறையில் படித்தேன். வெள்ளைவால் கழுகு: எங்கட துறைமுகத்துச் செம்பருந்தின் பெரியப்பா. சிவப்புச் சொண்டுக் கரைப்பறவை: அடுத்த வீட்டுக்காரி மாதிரி, ஒன்றும் நடக்காததற்கே ஊரைக் கூட்டும். மாசி மாதத்தில் கொட் மீன் சினை வைத்துக்கொண்டு இன்னும் வடக்கே இருக்கிற கடலில் இருந்து தானாகக் கரையைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வரும் என்று நீ சொன்னபோது, நான் நம்பவில்லை. "மீன் ஆளைத் தேடி வருதோ?" "ஓம் அப்பா." "அப்ப நான் என்னத்துக்குத் திருகோணமலையில பிறந்தனான்?" அந்த இருட்டு மாதங்களில் நீ என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தவன், அதோடு மீன் கதையில் போய்விட்டேன். நீ வேண்டுமென்றுதான் அந்த நேரத்தில் மீனைக் கொண்டுவந்தாய் என்று விமானத்தில் இருக்கும்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றிலும் பெரிய ஆட்கள் உன்னுடைய அந்த ஈடர் வாத்துகள். கடலிலேயே சீவிக்கிற பறவை, வருடத்தில் ஒருமுறை முட்டையிடக் கரையேறி வருகிறது. அதற்காக மனுசர் கல்லும் பலகையும் அடுக்கிக் குட்டி வீடுகள் கட்டி, உள்ளே சாதாழை விரித்து வைத்துவிட்டு, வாங்கோ வாங்கோ என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கலியாண வீட்டில் பெண்கள் ஏதாவது புதினம் கேள்விப்பட்டால் "ஊவ்" என்று இழுப்பார்களே, அதே சத்தம் போட்டுக்கொண்டுதான் ஆண் வாத்துகள் வந்தன. வெள்ளையும் கறுப்புமாக நல்ல உடுப்பு. பெண் அடைகிடக்கத் தொடங்கினதும் அவர்கள் எல்லாரும் கூட்டமாகக் கடலுக்குப் போய்விடுவார்கள், ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள் என்று நீ சொன்னாய். கடைசியாக எனக்கு விளங்குகிற ஒரு பிராணியைக் கண்டேன் என்று சொன்னேன், நீ சிரிக்கவில்லை. அந்தப் பெண் வாத்து தன் நெஞ்சில் இருக்கிற மெல்லிய இறகைத் தானே பிடுங்கி முட்டைக்குக் கீழே விரிக்கிறது, நாட்கணக்காக இரை தேடப் போவதில்லை. அதைப் பார்த்ததும் நான், "பிள்ளை, ஒரு தாய் எண்டவள்..." என்று தொடங்கினேன். நீ கையை நீட்டி நிற்பாட்டினாய். "அப்பா, உவமை சொல்லாதேங்கோ. அது வாத்து. முதல் வடிவாப் பாருங்கோ. பேந்து கதையுங்கோ." அதற்குப் பிறகு எனக்கு எத்தனை நல்ல உவமைகள் வந்தன தெரியுமா? எல்லாவற்றையும் விழுங்கினேன். இந்தக் கடிதத்தில்கூட கயிற்றை நீளமாக விடவேண்டும், கடல் இறங்கும் என்று ஒரு அருமையான வசனம் எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். நீ சொன்னது சரி. உவமை தேடுகிறவன் பாதியில் பார்வையை எடுத்துவிடுகிறான். அந்த வாத்து கண்ணை மூடுவதில்லை, ஆனால் இமைக்குக் கீழே இன்னொரு தோல் குறுக்கே போய் வருகிறது என்பதை, நான் வாயை மூடிய பிறகுதான் கண்டேன்.

அங்கே இன்னொரு ஒழுங்கும் இருந்தது. பறவை கூட்டில் இருக்கிற காலம் முழுக்க அதே உடுப்பு, அதே பாதை, அதே நடை. ஆளை அவை உடுப்பில்தான் அடையாளம் வைத்திருக்குமாம். புதுச் சத்தம் கூடாது, நாய் கூடாது, சுத்தியல் கூடாது. வீட்டுக் கதவைக்கூட இங்கர் குழந்தை நித்திரை கொள்கிற அறைக் கதவு மாதிரித்தான் சாத்துவாள். நீ எனக்கு ஒரு பழைய மண்ணிற ஜக்கெற் தந்தாய். அதைக் கழற்றாமல் நான் தீவைச் சுற்றினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, கத்தாமல் கதைக்கப் பழகினேன். ஒரு எஞ்சினுக்கு மேலால் கத்திக் கத்தியே வந்த என் தொண்டைக்கு அது பெரிய ஓய்வு. உன் காதுக்கும் ஓய்வு என்று நீ சொல்லுவாய், சொல்லு.

வீட்டுக்கு வந்த அன்று என்ன நடந்தது என்று நீ கேட்டிருந்தாய். போனில் அம்மா பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை. விமான நிலையத்தில் பிடித்த வான் வண்டியில் இருந்து நான் இறங்கினதும் அவ என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தா. பெட்டிக்குப் பின்னால் நீ ஒளிந்து நிற்கிறாய் என்று நினைத்தாவோ தெரியாது. "எங்க அவள்?" "அங்கதான்." "அப்ப நீங்கள் என்னத்துக்குப் போனனீங்கள்?" "வாத்துப் பாக்க." அதோடு இரண்டு மூன்று நாள் என்னோடு கதை இல்லை. சோறு வரும், கறி வரும், சத்தம் வராது. தீவில் பழகினது நல்லதாய்ப் போயிற்று. பிறகு ஒரு நாள் மத்தியானம் மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, தலை நிமிராமல் கேட்டா: "அந்த வாத்து உண்மையிலயே ஒண்டும் தின்னாதோ?" "தின்னாது." "தண்ணி?" "எப்பவாவது எழும்பிப் போய்க் குடிச்சிட்டு வரும்." "போற நேரம் முட்டையை ஆர் பாக்கிறது?" "இறகாலை மூடிப்போட்டுப் போகும்." "ம்." அடுத்த நாள் அதைவிடக் கஷ்டமான கேள்வி. அதற்கடுத்த நாள் குளிர் எவ்வளவு, காலுக்கு என்ன போடுகிறாள், இருட்டில் லைட் இருக்குதோ. இப்போது அம்மாவுக்கு ஈடர் வாத்தைப் பற்றி என்னளவு தெரியும். பக்கத்து வீட்டுக்காரிக்கு நோர்வேயில் இருக்கிற வாத்துகளுக்கெல்லாம் நீதான் பெரிய ஆள் என்று சொல்லி வைத்திருக்கிறா. அவளும் தன் மருமகனுக்கு உன்னிடம் ஒரு வேலை கேட்கச் சொன்னாளாம். போன கிழமை அம்மா தூள் இடித்து வந்தா. மிளகாய், மல்லி, எல்லாம் வறுத்து, வீடு முழுக்கத் தும்மல். உனக்கு அனுப்பத்தான். எவ்வளவு என்று நினைக்கிறாய்? கெதியாகத் திரும்பி வரப்போகிற ஒரு பிள்ளைக்கு அவ்வளவு தூள் தேவையில்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவவும் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் அந்தப் பொதி வரும்போது ஒன்றும் கேளாதே, வாங்கி வை.

தீவில் நடந்த எல்லாவற்றையும் அவவுக்குச் சொல்லிவிட்டேன், வள்ளத்தையும் சேர்த்து. ஒன்றை மட்டும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த மஞ்சள் சுவெற்றர் கதை. உனக்கும் அது பாதிதான் தெரியும்.

வீடியோ கோலில் என்னைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு அந்த மண்ணிற ஜக்கெற்தான் கண்ணில் படும். "இஞ்சாருங்கோ, உதைக் கழட்டவே மாட்டியளோ? மகளிட்டப் போய் மாத்து உடுப்பு இல்லாம நிக்கிறார் எண்டு அங்கத்தைய சனம் நினைக்காதே?" "இஞ்ச சனம் இல்லை. வாத்துதான்." "வாத்தெண்டாலும்!" "வாத்துக்குப் புது உடுப்புப் பிடிக்காதாம்." "ஓகோ. எனக்குப் பிடிக்காது எண்டு சொன்ன எத்தினை சேட்டுகளை இன்னும் போட்டுக்கொண்டு திரியிறியள்?" எங்கட கலியாண நாள் வந்தது. திருகோணமலைக் கடையில் அவ தேடித் தேடி வாங்கி, பெட்டியின் அடியில் மடித்து வைத்த சுவெற்றர் இருந்தது. மாம்பழ மஞ்சள். அன்றைக்கு ஒரு நாள், கோல் எடுக்கிற நேரம் மட்டும் போடுவோம் என்று காலையில் போட்டேன். அவ பார்த்தா, சந்தோசப்பட்டா, "இப்பதான் மனுசன் மாதிரி இருக்கிறியள்" என்றா. நீ வடக்குக் கரைக்குப் போயிருந்தாய். போட் கொட்டிலுக்குப் பக்கத்து வரிசையைப் பார்க்கிற முறை என்னுடையது, நேரமாகிவிட்டது. கழற்ற மறந்து அப்படியே போனேன்.

அந்த வரிசையில் ஐந்து கூடு இருந்தது. கடைசிக் கூடு, கவிழ்த்து வைத்த பழைய வள்ளத்துக்குக் கீழே. நான் கல்மதிலைத் தாண்டினதும் முதல் கூட்டுக்காரி கழுத்தை நீட்டினா. இப்படி ஒரு மஞ்சள் மலை நடந்து வருவதை அவ முன்பு கண்டதில்லை. எழும்பி இரண்டு அடி வெளியில் வந்தா. அது போதும், மேலே வட்டமிட்ட ஒரு பெரிய கறுப்பு முதுகுக் கடற்காகம் நேரே கீழிறங்கியது. முட்டைக்கு வருகிறது என்று கண்டவுடன் எனக்கு மூளை வேலை செய்யவில்லை, தொண்டைதான் வேலை செய்தது. நெத்தலி காயப்போட்ட பாயில் காகம் இறங்கினால் என்ன செய்வோம்? தகரத்தில் தட்டி ஊர் கேட்கக் கத்துவோம். கையில் கிடைத்த வாளியைக் கல்லில் அடித்து, "ஏஏஏய்! போ!" என்று, மூதூர்த் துறையில் நிற்கிறவனுக்குத் திருகோணமலையில் இருந்து கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டேன். கடற்காகம் போனது உண்மைதான். அதோடு ஐந்து வாத்தும் போயின. கூட்டில் இருந்து திடுக்கிட்டு எழும்புகிற வாத்து முட்டை மேல் நாற்றமாகக் கழித்துவிட்டுத்தான் எழும்பும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். புத்தகம் பொய் சொல்லவில்லை. வந்த கடற்காகத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு வந்து, நான் வாளியோடு அசையாமல் நிற்க, முதல் கூட்டில் ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு போயின.

நீ ஓடி வந்தாய். ஓடவும் கூடாது, ஆனால் ஓடி வந்தாய். ஏசுவாய் என்று நினைத்தேன். நீ முழங்காலில் இருந்து, கலைந்த இறகை எடுத்து, ஐந்து கூட்டையும் ஒவ்வொன்றாக மூடினாய். பயந்து ஓடின வாத்து அந்தக் கூட்டைக் கைவிட்டுவிட்டால், அது அடுத்த வருடமும் அந்தத் தீவுக்கு வராது என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். உன்னுடைய முதல் பருவம், இங்கர் பருவ முடிவில் உன்னைப் பற்றி எழுதப்போகிறாள், அதற்குள் உன் அப்பா வாளியில் தட்டுகிறார். இங்கர் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். உன்னிடம் மெதுவாகச் சொன்னாள், நீ மொழிபெயர்த்தாய். "உங்களுக்கு ஏதாவது சாப்பிடக் குடுக்கச் சொல்லுறா. பழைய ஜக்கெற்றைப் போடச் சொல்லுறா. பேந்து பாப்பமாம்." இங்கர் போன பிறகு நீ கேட்டாய்: "ஏன் அப்பா இண்டைக்கு உதைப் போட்டனீங்கள்?" "குளிருது எண்டு" என்று சொன்னேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு நீயும் நானும் கல்மதிலுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டோம். தூறல். நான் மண்ணிற ஜக்கெற்றுக்குள், ஒரு மூட்டை மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒன்று கரையேறி வந்தது. பிறகு இரண்டாவது. முட்டையை இழந்தவகூட வந்து, மிச்சத்தில் இருந்தா. நாலாவதும் வந்தது. பழைய வள்ளத்துக்குக் கீழே இருந்தவ மட்டும் வரவில்லை. அவ தண்ணீரில், கரைக்கும் தூரத்துக்கும் நடுவில், மிதந்துகொண்டு எங்கட பக்கமே பார்த்தபடி இருந்தா. கடல் வற்றிக்கொண்டு போனது. அவ வர வேண்டிய தூரம் கூடிக்கொண்டு போனது. நீ கண்ணாடியைக் கண்ணில் இருந்து எடுக்கவில்லை. உன் உதடு வெள்ளையாகிவிட்டது.

அந்தப் படுக்கையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இவ வராவிட்டால், இங்கருக்கு உன்னில் நம்பிக்கை போகும். வேலை கிடைக்காது. நீ என்னோடு வீட்டுக்கு வருவாய். நான் வா என்று சொல்லத் தேவையும் இல்லை, வராதே என்று சொல்லத் தேவையும் இல்லை. வாளி என் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோசம், மாமாவுக்குச் சந்தோசம். நினைத்து முடிய முதல் பக்கத்தில் திரும்பி உன்னைப் பார்த்தேன். மழைத்தண்ணி மூக்கு நுனியால் சொட்டுகிறது, துடைக்கக்கூட இல்லை, அப்படிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய். உடனே வேண்டத் தொடங்கினேன். கோணேசரைக் கூப்பிட்டேன், மாதாவையும் கூப்பிட்டேன். அந்தக் குளிருக்கு யார் வரச் சம்மதிப்பார் என்று தெரியாதே. அந்தக் கடலைப் பார்த்து, மனத்துக்குள், என் முழுச் சத்தத்தோடும் வா, வா, வா என்று கத்தினேன்.

ஆகவே என் மறுமொழி உனக்கு ஓரளவுக்கு விளங்கியிருக்கும். ஒன்றிரண்டு விசயம் மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்களைப் பாவம் பார்த்து, அந்த வேலைக்குக் கேட்கிறவர்களுக்கு மறுமொழி எழுதாதே. நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்க ஆள் இருக்கிற மட்டும் நல்லாய்த்தான் இருப்போம். இருட்டு மாதத்தில் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாதே. இங்கரிடம் சிரிப்பு வரும் என்று எதிர்பார்க்காதே. ஆனால் அவள் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னதை மறந்துவிடாதே. அந்த மாதிரி ஆட்களோடு வேலை செய்யலாம். அம்மா கோல் எடுத்தால் மாற்று உடுப்போடு நில், ஆனால் வீட்டுக்குள் நில்.

இனி அந்தக் கடைசி வாத்து. கடல் முழுக்க வற்றி, பச்சைப் பாசி பிடித்த கல்லெல்லாம் வெளியில் தெரிந்த நேரம், அவ கரையேறினா. வழுக்கி வழுக்கி, நின்று நின்று, ஒவ்வொரு கல்லிலும் கழுத்தைத் தூக்கி எங்கட பக்கம் பார்த்துப் பார்த்து வந்தா. கவிழ்ந்த வள்ளத்தின் விளிம்பில் நெடுநேரம் நின்றா. பிறகு குனிந்து உள்ளே போய், முட்டை மேல் இருந்து, இரண்டு பக்கமும் ஆடிச் சரிசெய்துகொண்டா. நீ என் கையைப் பிடித்தாய். "வந்திட்டா அப்பா" என்று என் காதுக்குள், மூச்சு மட்டும் கேட்கச் சொன்னாய். நான் வாயைத் திறந்தேன். நீ பயந்து உடனே உன் கையால் என் வாயைப் பொத்தினாய். திரும்பவும் ஒரு சத்தம் போடப்போகிறேன் என்று நினைத்திருப்பாய். சத்தம் போட இல்லை பிள்ளை. அவ வந்திட்டா, நீ வராதே, இஞ்சயே இரு என்று சொல்லத்தான் திறந்தனான்.